வெடிமருந்தும் காப்பறையும்

போர்களின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் மன்னர்களைப் பற்றியும் படைத்தலைவர்களைப் பற்றியுமே எழுதினர். வீரர்களின் ஆண்மையைப் போற்றினர். சூழ்ச்சிகளையும் துரோகங்களையும் விரித்துரைத்தனர். ஆனால், களத்திற்கு வருமுன் வெடிமருந்து எங்கே கிடந்தது, அதனைக் காத்தவர் யார், மழை அதனை நனைத்ததா, வெயில் அதனைச் சுட்டதா என்னும் வினாக்களுக்கு அவ்வரலாறுகளில் ஒரு மூலையே கிடைத்தது. எனினும், அம்மூலையில் கிடக்கும் செய்திகளைத் தொகுத்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். பல களங்களில் வெற்றியும் தோல்வியும் வாளின் கூர்மையாலன்று, காப்பறையின் கதவாலேயே முடிவு செய்யப்பட்டன.

வெடிமருந்துக்கு இரு பகைவர் உண்டு. ஒன்று நீர்; மற்றொன்று வெப்பம். நீர், வெடிக்க வேண்டிய வேளையில் மருந்தை வெடிக்க விடாது தடுக்கும். வெப்பமோ, வெடிக்கலாகாத வேளையில் அதனை வெடிக்கச் செய்யும். பழங்காலத்துக் கருமருந்து முதற்பகையால் மிகுதியும் நலிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய புகையற்ற மருந்து இரண்டாம் பகைக்கு இரையாயிற்று. மருந்து மாறியது, பகையும் மாறியது, மாறாதிருந்தது மனிதனின் கவனக்குறைவு ஒன்றே.

கருமருந்தின் இயல்பு

வெடிமருந்துகளுள் மூத்தது கருமருந்து. ஒன்பதாம் நூற்றாண்டளவில் சீனத்தில் அறியப்பட்ட இம்மருந்து வெடியுப்பு, மரக்கரி, கந்தகம் என்னும் மூன்றன் கலவையாகும். பிற்காலத்தில் நிலைபெற்ற அளவின்படி, நூறு பங்கில் 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். இம்மூன்றனுள் எரிதலுக்கு வேண்டிய உயிர்வளியைத் தருவது வெடியுப்பே. ஆதலால், 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய வணிகக் குழுமங்கள் இந்தியாவின் பீகார்ப் பகுதியிலிருந்து வெடியுப்பைக் கப்பல் கப்பலாக ஏற்றிச் சென்றன.

தூய வெடியுப்பு காற்றிலுள்ள ஈரத்தை எளிதில் ஈர்ப்பதன்று. ஆனால், மண்ணிலிருந்து கரைத்து வடித்தெடுக்கும் உப்பில் கால்சியம் நைட்ரேட்டு போன்ற வேறு உப்புகளும் கலந்திருக்கும். அவை ஈரத்தை விரைந்து உறிஞ்சும் தன்மையன. எனவே, உப்பைச் சரிவரத் தூய்மை செய்யாத நாட்டின் மருந்து, கிடங்கில் இருக்கும்போதே தன் வலிமையை இழந்தது. அத்தகைய மருந்தால் எறியப்பட்ட குண்டு இலக்குக்கு முன்னரே விழுந்தது. சில வேளைகளில் மருந்து சீறிப் புகைந்ததோடு நின்றது.

நனைந்த மருந்தை வெயிலில் உலர்த்தினால் பழைய நிலைக்கு வந்துவிடும் என்று எண்ணுதல் தவறு. நீர் பட்டதும் வெடியுப்பு கரைகிறது. உலரும்போது அது தனியே படிகமாகப் பிரிந்து நிற்கிறது. கரியும் கந்தகமும் அதனோடு முன்போல் நெருங்கிக் கலந்திருப்பதில்லை. ஆலையில் மீண்டும் அரைத்துக் கலந்தாலன்றி அம்மருந்து பழைய ஆற்றலைப் பெறுவதில்லை.

இக்குறையை ஓரளவு நீக்கியது குருணை மருந்து. தொடக்கத்தில் மருந்து மாவாகவே இருந்தது. வண்டியில் ஏற்றிச் செல்லும்போது குலுக்கலால் அதன் கூறுகள் பிரிந்தன. மாவாக இருந்தமையால் ஈரத்தையும் எளிதில் ஏற்றது. பதினைந்தாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் மருந்தை ஈரப்படுத்திப் பிசைந்து, உலர்த்தி, உடைத்துக் குருணையாக்கும் முறையைக் கைக்கொண்டனர். குருணைகளின் மேற்பரப்பைத் தேய்த்து மெருகேற்றும் வழக்கமும் பின்னர் வந்தது. கூறுகள் பிரியாமையும் ஈரம் எளிதில் புகாமையும் இதனால் கிடைத்த நன்மைகளாகும்.

காப்பறை அமைத்த கலை

மருந்தைச் செய்வதில் எவ்வளவு அறிவு செலவாயிற்றோ, அவ்வளவு அறிவு அதனை வைக்கும் கிடங்கைக் கட்டுவதிலும் செலவாயிற்று. பினாங்குத் தீவின் கார்ன்வாலிஸ் கோட்டையில் 1814ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட வெடிமருந்துக் கிடங்கு இன்றும் நிற்கிறது. அக்காலத்துக் கோட்டைக் கிடங்குகள் சில பொது விதிகளைப் பின்பற்றிக் கட்டப்பட்டன. சுவர்கள் தடித்திருக்க வேண்டும். கூரை வளைவாக இருக்க வேண்டும். வெயிலின் சூடு உள்ளே புகாமலிருக்கவும், வெளியிலிருந்து வரும் குண்டுகளைத் தாங்கவும் இவை துணை செய்தன. தரையின் ஈரம் பீப்பாய்களைத் தொடாதிருக்க மரத்தளம் உயர்த்திப் போடப்பட்டது. காற்று உலவ வேண்டும். ஆனால் தீப்பொறி உள்ளே வரலாகாது. இதற்காகச் சுவர்களில் நேராகச் செல்லாமல் வளைந்து செல்லும் காற்றுத் துளைகள் விடப்பட்டன.

பீப்பாய்களை இரும்பு வளையங்களால் கட்டாமல் மரத்தாலோ செம்பாலோ ஆன வளையங்களால் கட்டினர். உள்ளே செல்வோர் ஆணி அடித்த காலணிகளைக் கழற்றிவிட்டு மென்மையான காலணிகளை அணிந்தனர். நெடுங்காலம் ஒரே நிலையில் இருந்தால் மருந்து இறுகும் என்பதனால், பீப்பாய்களை அவ்வப்போது உருட்டிப் புரட்டி வைக்கும் வழக்கமும் இருந்தது. இப்பணியில் புகழ் இல்லை. இதனைச் செய்தவர்களின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் பொறிக்கப்படவில்லை. ஆனால், இப்பணி நின்றுபோன இடங்களில் என்ன நேர்ந்தது என்பதை வரலாறு குறித்து வைத்திருக்கிறது.

பிளாசியில் பெய்த மழை

1757ஆம் ஆண்டு சூன் 23ஆம் நாள் வங்காளத்துப் பிளாசி என்னும் ஊரருகே, நவாபு சிராஜ் உத் தௌலாவின் படையும் ஆங்கிலக் கிழக்கிந்தியக் குழுமத்தின் படையும் எதிர்நின்றன. குழுமத்தின் படையை நடத்திய ராபர்ட் கிளைவ், முந்தைய ஆண்டு சென்னையிலிருந்து கடல் வழியாக வங்காளம் சென்றவர். அவருடைய படை ஏறக்குறைய 3,000 பேரைக் கொண்டது. நவாபின் படையோ அதனினும் பன்மடங்கு பெரியது. அதில் பெரும் பீரங்கிகளும் பிரெஞ்சுக்காரர்கள் சிலரும் இருந்தனர். காலையில் பீரங்கிச் சண்டை தொடங்கியது. நவாபின் பீரங்கிகளைத் தாங்க மாட்டாத குழுமப் படை மாந்தோப்புக்குள் பின்வாங்கி, மண்கரைகளின் மறைவில் ஒதுங்கிற்று.

நண்பகல் வேளையில் வானம் இருண்டு பெருமழை பொழிந்தது. குழுமத்தின் படையினர் உடனே தங்கள் மருந்தைத் தார்ப்பாய்களால் மூடினர். நவாபின் படையினர் அவ்வாறு மூடவில்லை. மழை விட்டபோது நவாபின் பீரங்கிகளுட் பல ஓய்ந்துவிட்டன. தங்களுடைய மருந்து நனைந்தது போலவே எதிரிகளின் மருந்தும் நனைந்திருக்கும் என்று கருதிய மீர் மதன், குதிரைப்படையுடன் மாந்தோப்பை நோக்கிப் பாய்ந்தார். அவர் நவாபின் மீது உண்மையான பற்றுக் கொண்ட படைத்தலைவர். உலர்ந்திருந்த மருந்தோடு காத்திருந்த ஆங்கிலப் பீரங்கிகள் அவரை எதிர்கொண்டன. மீர் மதன் வீழ்ந்தார்.

பிளாசியின் முடிவுக்கு மீர் ஜாபரின் துரோகமே தலையாய காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அத்துரோகம் பயன் தருவதற்கு ஏற்ற தருணத்தை உருவாக்கியது மீர் மதனின் வீழ்ச்சியாகும். நம்பத்தக்க தலைவனை இழந்து கலங்கிய நவாபு, நம்பத்தகாதவனின் அறிவுரையை நாட நேர்ந்தது. அந்த வீழ்ச்சிக்குப் பின்னே இருந்தது மூடப்படாத மருந்து. சூன் மாதத்தில் மழை பெய்யும் என்பது வங்காளத்தாருக்குத் தெரியாத செய்தியன்று. தெரிந்திருந்தும் செய்யாமையே அங்கே நேர்ந்த பிழை.

காண்டன் வயல்வெளியில் சென்னைப் படையினர்

பிளாசிக்கு எண்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் மழை மற்றொரு பாடத்தைப் புகட்டிற்று. இம்முறை நனைந்தவர்கள் ஆங்கிலேயரின் கீழ்ப் பணியாற்றிய சென்னைச் சிப்பாய்கள். அபினிப் போருக்காக 1840ஆம் ஆண்டு ஆங்கிலக் கப்பல்கள் சிங்கப்பூரில் கூடிச் சீனம் நோக்கிப் புறப்பட்டன. அப்போரில் ஈடுபட்ட படைப்பிரிவுகளுள் சென்னை மாகாணத்தின் 37ஆம் காலாட்படையும் ஒன்று. தமிழரும் தெலுங்கரும் பிற தென்னிந்தியரும் பணியாற்றிய படை சென்னைப் படை.

அக்காலத்தில் அவர்கள் ஏந்தியவை சக்கிமுக்கிக் கல் பொருத்திய துப்பாக்கிகள். விசையை இழுத்தால் கல் எஃகில் உரசும்; பொறி பறக்கும்; துப்பாக்கியின் பக்கவாட்டிலுள்ள சிறு கிண்ணத்தில் இட்ட மருந்து பற்றிக்கொள்ளும்; அத்தீ துளை வழியாக உள்ளே சென்று பெருமருந்தை வெடிக்கச் செய்யும். கிண்ணத்திலுள்ள மருந்து காற்றுக்கும் மழைக்கும் எளிதில் இலக்காவது இவ்வமைப்பின் பெருங்குறை.

1841ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் காண்டன் நகருக்கு அருகே, சான்யுவான்லி என்னும் பகுதியில் ஊர்மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு ஆங்கிலப் படையை எதிர்த்தனர். இடியுடன் கூடிய கடும் மழை பெய்தது. வயல்களில் நீர் நிறைந்து வரப்புகள் மறைந்தன. 37ஆம் படைப்பிரிவின் ஒரு குழுவினர் வழி தவறித் தனித்துப்போயினர். அவர்களுடைய துப்பாக்கிகள் மழையில் நனைந்து வெடிக்க மறுத்தன. நீண்ட ஈட்டிகளோடு சூழ்ந்துகொண்ட மக்களுக்கு எதிரே, சதுர வியூகமாக நின்று துப்பாக்கி முனையிலிருந்த கத்தியால் மட்டுமே அவர்கள் தங்களைக் காத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பின்னர் அவர்களைத் தேடிச் சென்று மீட்டவர்கள் கப்பற்படை வீரர் குழுவினர். அவர்கள் கையில் இருந்தவை மழையிலும் வெடிக்கக்கூடிய புதுவகைத் துப்பாக்கிகள்.

அப்புதுமைக்கு வித்திட்டவர் படைவீரர் அல்லர். ஸ்காட்லாந்துப் பாதிரியாரான அலெக்சாண்டர் பார்சைத் என்பவர். அடித்தால் வெடிக்கும் இரசாயனப் பொருளைக் கொண்டு மருந்தைப் பற்றவைக்கும் முறைக்கு 1807ஆம் ஆண்டு அவர் உரிமம் பெற்றார். அப்பொருளைச் சிறிய செப்பு மூடிக்குள் அடைத்துத் துப்பாக்கியில் பொருத்தும் வழக்கம் பின்னர்ப் பரவிற்று. மூடி மழையைத் தடுத்தது. சீன மக்கள் சான்யுவான்லி நிகழ்ச்சியை அயலாட்சியை எதிர்த்த மக்களெழுச்சியாக நினைவுகூர்கின்றனர். தென்னிந்தியரின் வரலாற்றைக் கற்போரோ அதில் மற்றொன்றையும் காண்கின்றனர். பிறர் போருக்காகக் கடல் கடந்தவர்களின் கையில், அம்மழையில் உதவாத பழைய கருவியே இருந்தது.

குதிரை லாயத்தில் வெடித்த பித்தளை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் குண்டு, மருந்து, மூடி ஆகிய மூன்றையும் ஒரே பித்தளைக் குப்பிக்குள் அடைத்த தோட்டா வழக்கிற்கு வந்தது. மருந்து இனி நனையாது என்று எல்லாரும் மகிழ்ந்தனர். ஆனால், இந்தியாவில் இருந்த ஆங்கிலப் படையினர் ஒரு விந்தையைக் கண்டனர். மழைக்காலம் முழுதும் வைத்திருந்த தோட்டாக்களை வெளியே எடுத்து நோக்கியபோது, யாரும் தொடாமலே பித்தளைக் குப்பிகளில் கீறல்கள் விழுந்திருந்தன. பருவம் மாறும்போது தோன்றியமையால் அதனைப் பருவ வெடிப்பு என்றே அழைத்தனர்.

மழைக்காலத்தில் தோட்டாக்கள் குதிரை லாயங்களில் வைக்கப்பட்டிருந்தன. குதிரைகளின் சிறுநீரிலிருந்து அம்மோனியா என்னும் காரநெடியுள்ள ஆவி எழுகிறது. ஈரக் காற்றில் கலந்த அவ்வாவி பித்தளையைத் தாக்கிற்று. ஆனால், ஆவி மட்டும் காரணமன்று. தோட்டாக் குப்பியைச் செய்யும்போது பித்தளைத் தகட்டைக் காய்ச்சாமல் குளிர்ந்த நிலையிலேயே இழுத்து நீட்டுகின்றனர். அவ்வாறு இழுக்கப்பட்ட உலோகத்தினுள் ஒருவகை இறுக்கம் தங்கிவிடுகிறது. உள்ளிருக்கும் இறுக்கமும் வெளியிலிருந்து வரும் ஆவியும் சேரும்போதுதான் பித்தளை பிளக்கிறது. மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவர் 1921ஆம் ஆண்டு இதனை விளக்கினர். குப்பிகளை அளவாகச் சூடேற்றி ஆறவிட்டு உள்ளிறுக்கத்தைப் போக்குதல் மருந்தாயிற்று. லாயத்தில் தோட்டாவை வைக்கலாகாது என்பதும் தெளிவாயிற்று. உலோகவியல் மாணவர் இன்றும் பயிலும் பாடங்களுள் ஒன்று இவ்வாறு இந்திய மழையில் பிறந்தது.

வெப்பம் என்னும் புதிய பகை

இதற்கிடையே மருந்தே மாறிவிட்டது. 1846ஆம் ஆண்டு சோன்பைன் என்னும் வேதியியலறிஞர் பஞ்சை அமிலங்களில் தோய்த்து வெடிபஞ்சை உருவாக்கினார். அதனை அடிப்படையாகக் கொண்டு 1884ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரரான பால் வியேல், புகை மிகக் குறைந்த மருந்தைச் செய்தார். 1889ஆம் ஆண்டு ஆங்கிலேயர் கார்டைட்டு என்னும் மருந்தை உருவாக்கினர். கருமருந்தைவிட இவை வலிமை மிக்கவை. களத்தைப் புகையால் மறைக்காதவை. படைகள் இவற்றை ஆர்வத்துடன் ஏற்றன.

ஆனால், இம்மருந்துகளில் ஓர் உட்பகை உறைந்திருந்தது. கருமருந்தை உலர்வாக வைத்தால் அது பல ஆண்டுகள் கெடாது. வெடிபஞ்சிலிருந்து செய்த மருந்தோ சும்மா இருக்கும்போதே மெல்ல மெல்லச் சிதைகிறது. சிதையும்போது நைட்ரசன் ஆக்சைடு வாயுக்கள் வெளிப்படுகின்றன. அவ்வாயுக்கள் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகின்றன; அவ்வமிலம் எஞ்சிய மருந்தை மேலும் விரைந்து சிதைக்கிறது. சிதைவு வெப்பத்தை உண்டாக்குகிறது. வெப்பம் சிதைவை வளர்க்கிறது. பத்துப் பாகை செல்சியசு வெப்பம் கூடினாலே சிதைவின் விரைவு இருமடங்கோ அதனினும் மிகுதியோ ஆகக்கூடும். ஒரு நாள், யாரும் தீ மூட்டாமலே மருந்து தானாகப் பற்றிக்கொள்கிறது.

1907ஆம் ஆண்டு மார்ச்சு 12ஆம் நாள், பிரான்சின் தூலோன் துறைமுகத்தில் ஈயேனா என்னும் போர்க்கப்பல் பழுது பார்ப்பதற்காக நீர் வடித்த துறையில் நின்றது. அதன் வெடிமருந்து அறை வெடித்தது. தொடர்ந்து பல வெடிப்புகள் நிகழ்ந்தன. கப்பலைச் சுற்றிலும் நீர் இல்லாமையால் மருந்தறைகளில் நீரைப் பாய்ச்ச இயலவில்லை. துறையின் கதவை உடைத்து நீரை உள்ளே விடுவதற்காக அருகிலிருந்த மற்றொரு கப்பல் கதவை நோக்கிக் குண்டு வீசியது. குண்டு கதவைத் துளைக்கவில்லை. மடையைத் திறக்க மனிதர் கையே வேண்டியதாயிற்று. நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். எந்நீர் மருந்துக்குப் பகை என்று நூற்றாண்டுகளாக அஞ்சி விலக்கப்பட்டதோ, அந்நீரை வேண்டி மக்கள் கதறிய நாள் அது. மருந்தின் சிதைவே காரணம் என்ற ஐயம் எழுந்தது. நாடாளுமன்றத்தில் பெரும் புயல் வீசிற்று; 1908ஆம் ஆண்டு கப்பற்படை அமைச்சர் பதவி விலகினார்.

ஆயினும் பழைய மருந்து முழுதும் அகற்றப்படவில்லை. 1911ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள், அதே தூலோன் துறைமுகத்தில் லிபெர்த்தே என்னும் போர்க்கப்பல் வெடித்துச் சிதறியது. அருகிலிருந்த கப்பல்களில் இருந்தவர்களையும் சேர்த்து இருநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். முதல் அழிவு அறியாமையால் நேர்ந்தது எனலாம். இரண்டாம் அழிவுக்கு அவ்வாறு சொல்ல இடமில்லை.

ஆங்கிலக் கப்பற்படையும் இதே பாடத்தைக் குருதியால் கற்றது. 1914ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் மெட்வே ஆற்றில் நங்கூரமிட்டிருந்த புல்வார்க்கு கப்பல் வெடித்ததில் எழுநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கார்டைட்டுப் பொதிகளைக் கொதிகலன் அறையின் சுவரை ஒட்டி வைத்தமையால் அவை சூடேறியிருக்கலாம் என்று கருதப்பட்டது. 1917ஆம் ஆண்டு சூலை 9ஆம் நாள் ஸ்காப்பா புளோ துறைமுகத்தில் வேன்கார்டு கப்பல் வெடித்தபோது எண்ணூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அங்கும் சூடேறிய கார்டைட்டே ஐயத்துக்கு உள்ளாயிற்று. பகைவன் ஒரு குண்டும் எறியாத துறைமுகங்களில் இவை நிகழ்ந்தன.

அறிவியல் கண்ட மருந்து

இவ்வழிவுகள் வீணாகவில்லை. மருந்திலிருந்து வெளிப்படும் வாயுக்களை உடனுக்குடன் பற்றி அடக்கும் பொருளொன்றைச் சேர்த்தால் சிதைவின் சுழற்சி அறுபடும் என வேதியியலறிஞர் கண்டனர். பிரெஞ்சு மருந்தில் முன்னர்ச் சேர்க்கப்பட்ட அமைல் ஆல்ககால் போதுமானதாக இல்லை. அதற்கு மாற்றாக டைபினைலமைன் என்னும் பொருள் வழக்கிற்கு வந்தது. இது சிதைவை அடியோடு நிறுத்துவதன்று, நெடுங்காலம் தள்ளிப்போடுவதாகும். காப்புப்பொருள் தீர்ந்துவிட்டால் பழைய ஆபத்து திரும்பி வரும். எனவே, இருப்பிலுள்ள மருந்தைக் காலந்தோறும் சோதித்து, காலம் கடந்ததை அழிப்பது இன்றியமையாத கடமையாயிற்று. மருந்தைச் சூடேற்றி, எழும் ஆவி வேதிப்பொருள் தோய்ந்த தாளை எவ்வளவு நேரத்தில் நிறம் மாற்றுகிறது என்று பார்க்கும் சோதனை, ஆங்கில அறிஞர் ஆபெல் பெயரால் வழங்குகிறது. கப்பல்களின் மருந்தறைகளுக்குக் குளிரூட்டும் பொறிகளும் வந்தன.

கெடாத மருந்தின் செயலையும் வெப்பம் மாற்றும் என்பது அறியப்பட்டது. சூடான மருந்து விரைந்து எரிகிறது. குழலினுள் அழுத்தம் கூடுகிறது. குண்டு தொலைவில் சென்று விழுகிறது. குளிர்ந்த மருந்தின் குண்டு முன்னரே விழுகிறது. ஆதலால், பீரங்கிப் படையினர் மருந்தின் வெப்பநிலையைக் கணக்கிட்டே குறிவைக்கின்றனர்.

ஆண்டு முழுதும் வெம்மையும் ஈரமும் மிக்க மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளில் இரு பகைகளும் ஒருங்கே உறைகின்றன. சிங்கப்பூரின் சாங்கி, லாப்ரடோர், சிலோசோ ஆகிய இடங்களில் ஆங்கிலேயர் அமைத்த பீரங்கி நிலைகளில் குண்டும் மருந்தும் நிலத்தடி அறைகளில் வைக்கப்பட்டன. நிலத்தடியில் வெயிலின் கடுமை இல்லை. ஆனால், ஈரம் உண்டு. ஒரு பகைக்கு அஞ்சி ஒளியுமிடத்தில் மற்றொரு பகை காத்திருக்கிறது. காற்றுப் புகாத தகரப் பெட்டிகளும், இரப்பர் வளையமிட்ட மூடிகளும், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்காப் பொதிகளும் இவ்விரு பகையையும் ஒருங்கே வெல்ல மனிதன் கண்ட வழிகளாகும்.

சைப்பிரசு தரும் எச்சரிக்கை

இத்துணை அறிவு சேர்ந்த பின்னும் பழைய பிழை மீண்டும் நேர்ந்தது. 2009ஆம் ஆண்டு மான்செகோர்ஸ்க் என்னும் கப்பலிலிருந்து பறிமுதல் செய்யப்பட்ட வெடிபொருள்கள், 98 கொள்கலன்களில் சைப்பிரசுத் தீவின் மாரி என்னுமிடத்துக் கடற்படைத் தளத்தில் வைக்கப்பட்டன. கூரையில்லை; நிழலில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அவை மத்தியதரைக் கடலின் வெயிலில் காய்ந்தன. 2011ஆம் ஆண்டு சூலை 11ஆம் நாள் விடியற்காலையில் அவை வெடித்தன. 13 பேர் மாண்டனர். அருகிலிருந்த, தீவின் மிகப்பெரிய மின்நிலையம் சிதைந்து, நாடே இருளில் தவித்தது. பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர் பின்னர் நீதிமன்றத்தில் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டார்.

பிளாசியில் ஒரு தார்ப்பாய் இல்லை. மாரியில் ஒரு கூரை இல்லை. இடையே இரண்டரை நூற்றாண்டுகள் உருண்டோடின. இவ்விரு நிகழ்ச்சிகளிலும் குறையாக இருந்தது பொருளுமன்று, அறிவுமன்று. மழை வரும் என்பதும் வெயில் சுடும் என்பதும் எல்லார்க்கும் தெரியும். தெரிந்ததை உரிய காலத்தில் செய்யாது மறந்திருத்தலே குறை. திருவள்ளுவர் அரசியலுக்குரிய அதிகாரங்களுள் ஒன்றாகப் பொச்சாவாமையை வைத்தார். வலிமை மிக்கவனுக்கே மறதி பெருங்கேடு என்பதை அறிந்தே அவ்வாறு வைத்தார் போலும்.

வெடிமருந்து ஆக்கத்துக்கு உரிய பொருளன்று, அழிவுக்கு உரியது. ஆனால், அதன் வரலாறு தரும் பாடம் எல்லாப் பொருளுக்கும் பொருந்தும். தேடுவதும் படைப்பதும் ஒரு பாதி. காப்பது மறு பாதி. ஈயேனாவிலும் லிபெர்த்தேயிலும் மாண்ட மாலுமிகள் எவரையும் எதிர்த்துப் போரிடவில்லை. பிறர் காக்க மறந்ததன் விலையை அவர்கள் செலுத்தினர்.